வளைகோடும் அலையும்: டிசைன் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். பள்ளிக்கூடம் தமிழ் வழி. கிராபிக் டிசைன் படித்தது பாலக்காட்டில். வகுப்பு மலையாளத்தில் நடக்கும், மென்பொருளின் மெனு ஆங்கிலத்தில் இருக்கும். இப்போது எங்கள் பக்கத்திலிருந்து படிக்கப் போகிற பிள்ளைகள், செய்முறைத் தேர்வு நெருங்கினால் என்னிடம் வருகிறார்கள். "அக்கா, எல்லாம் வருது, பென் டூல்தான் கைக்கு வர மாட்டேங்குது" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. புள்ளி புள்ளியாக வைத்து வளைகோடு வரைகிற கருவி அது. அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

தேர்வில் வளைகோடு எப்படியும் வந்துவிடும். ஒரு லோகோவைக் கொடுத்து அப்படியே வரையச் சொல்வார்கள். அலை அலையாக ஒரு பார்டர் கேட்பார்கள். ஓணம் போஸ்டர் என்றால் வள்ளத்துக்குக் கீழே தண்ணீர் வேண்டும். எங்கள் ஆசிரியர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று "பாயின்ட் கொறச்சு மதி" என்பார், கொஞ்சம் புள்ளி போதும் என்று. மதிப்பெண் இருக்கிற இடம் அதுதான். திரையில் அழகாகத் தெரிகிற கோட்டை, புள்ளிகளைக் காட்டித் திருத்துகிற ஷேப் டூலால் ஒரு முறை சொடுக்கினால் எத்தனை புள்ளி, எங்கெங்கே என்று எல்லாம் வெளியே வந்துவிடும். பரிசோதகர் பார்ப்பது அதைத்தான்.

கோரல்ட்ரா, இல்லஸ்ட்ரேட்டர், இன்க்ஸ்கேப் என்று எந்த வரைகலை மென்பொருளானாலும் உள்ளே இருப்பது பெசியே வளைகோடு. ரெனோ கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியர் பெசியேயின் பெயர் அது. சிட்ரோவெனில் இருந்த பால் த காஸ்தல்ஜோ 1959-லேயே இதே கணக்கைக் கண்டுபிடித்திருந்தார். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் இரண்டு பெயரையும் சொல்லுங்கள். ஒரு துண்டு வளைவுக்கு நான்கு புள்ளிகள்: இரண்டு முனைகள், அவற்றிலிருந்து இழுத்து நீட்டுகிற பிடிகளாக இரண்டு ஹேண்டில்கள். ஹேண்டில் எந்தத் திசையில் நீட்டியிருக்கிறதோ அந்தத் திசையில்தான் கோடு முனையிலிருந்து கிளம்பும். நீளம் கூடக் கூட அதே திசையில் இன்னும் கொஞ்சம் தூரம் போய்விட்டுத்தான் திரும்பும்.

சரி, அலைக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் மேடு, பள்ளம், நடுக்கோட்டைக் கோடு வெட்டுகிற இடம் என்று எல்லா இடத்திலும் புள்ளி வைக்கிறார்கள். நடுவில் வைத்த புள்ளியின் ஹேண்டில் சாய்வாக இருக்கும், அந்தச் சாய்வை ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி கொண்டுவர முடியாது, அலை நடுங்கும். மேட்டின் உச்சியிலும் பள்ளத்தின் அடியிலும் மட்டும் புள்ளி வையுங்கள். அங்கே ஹேண்டில் எப்போதும் கிடைமட்டம். இழுக்கும்போது இன்க்ஸ்கேப்பிலும் கோரலிலும் கன்ட்ரோல், இல்லஸ்ட்ரேட்டரில் ஷிஃப்ட் அழுத்திப் பிடித்தால் கோணம் பிசகாது.

ஹேண்டில் நீளம்தான் அடுத்த கேள்வி. பாடப்புத்தகத்து சைன் அலை வேண்டுமென்றால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையிலான கிடைமட்டத் தூரத்தில் சுமார் 36 சதவீதம். அந்தத் தூரம் 50 மி.மீ. என்றால் ஹேண்டில் 18 மி.மீ. இதைப் பாதி தூரத்துக்கு நீட்டினால் உச்சி தட்டையாகி நடுப்பகுதியின் சரிவு கூடும். ரொம்பக் குறைத்தால் முனை மழுங்கிய ஜிக்ஜாக் மாதிரி ஆகிவிடும். வட்டத்துக்கும் இப்படி ஒரு அளவு உண்டு: சுற்றிலும் நான்கு புள்ளி, ஹேண்டில் ஆரத்தில் 55 சதவீதம். 40 மி.மீ. ஆரத்துக்கு 22 மி.மீ. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடமே செய்துவிடலாம், தப்பில்லை.

முழு நீளத்துக்கும் அலையை வரைய வேண்டியதில்லை. மேடு, பள்ளம், அடுத்த மேடு என்று ஒரே ஒரு அலை. அதை நகலெடுத்து, ஸ்னாப் (புள்ளிகள் தானாக ஒட்டிக்கொள்ளும் வசதி) போட்டு முனையோடு முனை ஒட்டுங்கள். இங்கேதான் கவனம் வேண்டும். ஒட்டி வைத்தது மட்டும் இணைந்ததாகாது. இரண்டையும் கம்பைன் செய்து, சேரும் முனைகளைத் தேர்ந்தெடுத்து ஜாயின் கொடுக்க வேண்டும். இன்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல் கே, பிறகு ஷிஃப்ட் ஜே. சேர்ந்த புள்ளி சிமெட்ரிக்காக (இரு பக்க ஹேண்டிலும் ஒரே நேர்க்கோட்டில், ஒரே நீளத்தில்) இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் அங்கே ஒரு கூர்முனை துருத்தலாம். நிஜமாகவே கூர்முனை வேண்டிய இடத்தில் மட்டும் கஸ்ப், அதாவது இரு ஹேண்டிலும் தனித்தனியாகத் திரும்புகிற புள்ளி.

இல்லஸ்ட்ரேட்டரின் ஜிக்ஜாக் எஃபெக்டில் ஸ்மூத் கொடுத்தால் நேர்க்கோடு நொடியில் அலையாகிவிடும். இன்க்ஸ்கேப்பில் ஒரு செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்து கணக்குச் சூத்திரத்தைக் கோடாக்குகிற ஃபங்ஷன் பிளாட்டரைக் கூப்பிட்டால் சைன் அலையே வரும். வேலைக்குப் போன பிறகு தாராளமாகப் பயன்படுத்துங்கள். தேர்வில், கேள்வியில் பென் டூல் என்று இருந்தால் பென் டூல்தான்.

பயிற்சிக்கு நம் ஊர் மாதிரி வசதி எங்கும் கிடையாது என்பேன். சித்தூரிலிருந்து பொள்ளாச்சி வரை பஸ்ஸில் போனால் தமிழும் மலையாளமும் மாறி மாறிக் கடைப் பலகைகளில் வரும். போனில் படம் எடுத்து, கீழ் லேயரில் மங்கலாக வைத்துப் பூட்டி, மேலே வரையுங்கள். மலையாள ட வரிசையில் இரண்டாவது எழுத்து வெறும் வட்டம். நான்கு புள்ளியில் முடிய வேண்டும். அப்புறம் மலையாள ற, ஒரு வளைவு. இடது ஓரம், உச்சி, வலது ஓரம், இரண்டு முனைகள், அவ்வளவுதான். இது கை வந்த பிறகு தமிழின் இ, ஞ. தமிழில் ட, ப இரண்டையும் விட்டுவிடுங்கள், எல்லாம் நேர்க்கோடு. எழுத்தில் மேல், கீழ், இடது, வலது ஓரங்களைக் கண் தானாகத் தேடப் பழகிவிட்டால் எந்த லோகோவும் பயமுறுத்தாது.

படத்தைத் தானாகக் கோடாக்கித் தருகிற ஆட்டோ ட்ரேஸ் பக்கம் போகாதீர்கள். புள்ளிகளைக் கண்டபடி இறைத்துவிடும். சிம்ப்ளிஃபை அழுத்தி அழுத்திக் குறைத்தால் வடிவமே மாறும். இது தேர்வோடு முடிகிற விஷயமும் இல்லை. ஸ்டிக்கர் வெட்டுகிற பிளாட்டரின் கத்தி நீங்கள் வரைந்த கோட்டின் மேலேயேதான் போகும். தேவையில்லாத புள்ளி குவிந்த இடத்தில் தயங்கித் தயங்கி ஓடும், வினைல் ஓரம் பிசிராக வரும். பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ தெரிந்த ஸ்டிக்கர் கடை இருந்தால், தேர்வுக்கு முன்பு ஒரு நாள் உங்கள் அலையைக் கொண்டுபோய், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, வெட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.