நடுவர் இல்லாத கலை

நம் பல்கலைக்கழகங்களில் மாணவர்களின் கலை பெரும்பாலும் போட்டியாகவே நடக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் இளைஞர் விழாவின் விதிகளைப் பார்த்தாலே இது விளங்கும்: மைம் நடிப்புக்கு 5 நிமிடம், குறுநாடகத்துக்கு 10 நிமிடம், ஓரங்க நாடகத்துக்கு 30 நிமிடம். அதற்குள் எதிரே அமர்ந்திருக்கும் நடுவர்களை அசத்தியாக வேண்டும். கோப்பை வந்தால் துணைவேந்தர் அறையில் ஒரு புகைப்படம். வராவிட்டால் நடுவர்கள்மேல் ஒரு மனத்தாங்கல். அத்தோடு நாடகம் முடிந்தது. அட்டை வாளும் கிரீடமும் விடுதி மாடிப்படிக்குக் கீழே போய்ச் சேரும். போட்டியில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படித் தயாராகி வந்த மாணவர்களை வைத்துக்கொண்டு ஒரு வளாக வானொலியின் நிகழ்ச்சிப் பொறுப்பைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், நடுவர் இல்லாத கலை அவர்களுக்கு எவ்வளவு அந்நியமாக இருந்தது என்பதையே இங்கே எழுத நினைக்கிறேன்.

வளாக வானொலி வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வான் அலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி, அதாவது ஒரு சிறு பகுதியின் மக்களுக்கான லாப நோக்கமற்ற வானொலி, நடத்தலாம் என்று மத்திய அரசு கொள்கை வகுத்தது. 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம், 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி அதுதான். 2006-இல் கொள்கை தளர்த்தப்பட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. விதிகள் மட்டும் இறுக்கமானவை. பரப்பும் ஆற்றல் பொதுவாக 100 வாட்டைத் தாண்டக் கூடாது, ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தப் பகுதியிலேயே தயாரானவையாக இருக்க வேண்டும், சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. சமவெளியில் ஒலி சுமார் 10 கிலோமீட்டர் போகும். அடுக்குமாடிகள் நிறைந்த நகரத்தில் அதுவும் போகாது.

சேர வரும் மாணவர்களுக்கு இந்த எல்லை முதலில் பெரிய ஏமாற்றமாக இருக்கும். மாநிலம் முழுக்கத் தன் குரல் கேட்கும் என்று நினைத்து வந்தவரிடம், மேம்பாலத்தைத் தாண்டினால் இரைச்சல்தான் கேட்கும் என்று சொல்ல வேண்டியிருக்கும். குரல் தேர்வில் பத்தில் எட்டுப் பேர் வணிகப் பண்பலை அறிவிப்பாளர்களைப்போல மூச்சு விடாமல் பேசுவார்கள். மீதிப் பேர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி முழங்குவார்கள். ஒலிவாங்கி ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, கேட்பவர் அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறார் என்பதை இருசாராருக்கும் உணர்த்துவதற்குள் ஒரு பருவமே போய்விடும். 'ப' என்ற எழுத்து வரும்போதெல்லாம் காற்று மோதி, திரையில் ஒலி அலை குத்திட்டு நிற்பதை அவர்களே கண்ணால் பார்த்த பிறகுதான் முகத்தைச் சற்றுத் திருப்பிப் பேசுவார்கள். (சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினால் வெளிச்சத்தம் வராது என்று யாரோ கிளப்பிவிட்ட நம்பிக்கை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வந்து சேரும். அது அறைக்குள் எழும் எதிரொலியைச் சிறிது குறைக்கலாமே தவிர, வெளியே போகும் பேருந்தின் ஹாரனைத் தடுக்காது.)

அந்தச் சிறிய எல்லையின் பயன் என்னவென்று எனக்கே தெளிவாகப் புரிந்தது ஓர் இஸ்திரி வண்டியால்தான். வளாகத்தின் பின்வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஓர் அம்மா கரிப்பெட்டி வைத்துத் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகலை மாணவி ஒருவர் கையடக்கப் பதிவுக் கருவியோடு போய் அவருடைய தொழிலைப் பற்றிப் பேச்சுப் பதிவு செய்து வந்தார். கரியின் விலை, பனிக்காலத்தில் நெருப்புப் பிடிக்காத தொல்லை, பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய நாள் குவியும் அங்கிகள் என்று நல்ல விஷயங்கள் அதில் இருந்தன. மாணவி கணினியில் உட்கார்ந்து இடைவெளிகளையெல்லாம் வெட்டினார். இழுத்த மூச்சு, 'வந்து', 'அதாவது', இடையிடையே பெட்டியை இரும்புத் தகட்டின்மேல் வைக்கும் ஓசை எல்லாம் போயின. ஒலித் தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. போட்டிக்கு அனுப்பியிருந்தால் பரிசே கிடைத்திருக்கலாம். ஒலிபரப்பான மறுநாள் தேய்த்த துணியை வாங்கப் போன மாணவியிடம் அந்த அம்மா கேட்டாராம்: "நான் இப்பிடியா கண்ணு கடகடன்னு பேசுனேன்? யாரோ பேசுற மாதிரில்ல இருந்துச்சு."

அவர் கோபமாகவெல்லாம் சொல்லவில்லை. ஆனால் எந்த நடுவரும் தந்திருக்க முடியாத மதிப்பீடு அது. மாணவி வெட்டாத மூலப் பதிவை மறுபடி எடுத்துப் போட்டுக் கேட்டார். அந்த அம்மா ஒரு வாக்கியத்தின் பாதியில் நிறுத்துவது யோசிப்பதற்காக அல்ல, சட்டையின் கழுத்துப்பட்டையைத் தேய்ப்பதற்காக. அங்கே கவனம் பிசகினால் துணி தீய்ந்துவிடும். தேய்த்து முடித்துப் பெட்டியை வைத்த பிறகே மீதி வாக்கியம் வரும். அந்த நிறுத்தங்களையும் பெட்டியின் ஓசையையும் திரும்பச் சேர்த்தபோது நிகழ்ச்சி ஏறத்தாழ இரண்டு மடங்கு நீண்டது. மறு ஒலிபரப்பில் அப்படியே போட்டோம். அதன் பிறகு, யாரைப் பற்றிய நிகழ்ச்சியோ அவரைக் கேட்கச் செய்துவிட்டுத்தான் ஒலிபரப்புவது என்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். மாநிலம் முழுவதும் கேட்கும் நிலையத்தில் இது நடவாத காரியம். பேசியவரும் கேட்பவரும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால்தான் இது முடியும்.

செய்தி கூடாது என்ற விதியும் நான் அஞ்சிய அளவுக்கு எங்களைக் கட்டிப்போடவில்லை. கொள்கையளவில் அந்தத் தடையை நான் இன்றும் ஏற்கவில்லை. இதழியல் படிக்கும் மாணவருக்குச் செய்தியை மறுக்கும் வானொலி ஓர் அரைகுறை ஏற்பாடுதான். ஆனால் குடிநீர் எந்தத் தெருவுக்கு எந்த நாளில் வரும், எங்கே மின்தடை, கலந்தாய்வுக்கு என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்பன போன்ற பொது அறிவிப்புகளுக்குத் தடை இல்லை. இவற்றைச் சேகரிக்க மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் அலைந்த மாணவர்கள், வகுப்பறையில் கிடைக்காத ஒன்றைக் கற்றார்கள்: எந்த மேசையில் எந்தத் தகவல் இருக்கிறது, அதை யாரிடம் எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்பது.

கஷ்டம் வேறு இடத்திலிருந்து வந்தது. வானொலிக்கு விடுமுறை கிடையாது, மாணவருக்கு உண்டு. நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வு வந்தால் நிலையம் காலியாகிவிடும். மே மாதத்தில் ஒரு தலைமுறையே பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடும். மாலை நேரலைக்கு மாணவிகள் இருக்க வேண்டுமென்றால் விடுதிக் காப்பாளரிடம் தனியே கடிதம் கொடுக்க வேண்டும். மாணவர்களுக்கு அந்தக் கடிதம் தேவைப்படவில்லை. தொகுப்பில் கைதேர்ந்தவர்களில் பலர் மாணவிகளாக இருந்தும், மாலை நிகழ்ச்சிகளில் நெடுங்காலம் ஆண்குரலே மிகுந்திருந்ததற்குத் திறமை காரணமல்ல, வாயிற்கதவு சாத்தும் நேரமே காரணம். இதை எழுதிக் கேட்டபோதெல்லாம் 'பாதுகாப்புக் கருதி' என்ற ஒரே பதில்தான் வந்தது. கடைசியில் நாங்கள் நேரலையைப் பிற்பகலுக்கு மாற்றினோம். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் பெண்கள் கூடுதலாகத் தொலைபேசியில் அழைத்தார்கள் என்பது எதிர்பாராமல் கிடைத்த லாபம்.

ஒலிபரப்பான எதையும் மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது அனுமதி நிபந்தனைகளில் ஒன்று. அதற்குப் பின் அழிப்பதா வைப்பதா என்பது நிலையத்தின் விருப்பம்; வன்தட்டு நிறைந்தால் பெரும்பாலோர் அழித்துவிடுகிறார்கள். நாங்கள் எதை வைப்பது என்று முடிவு செய்யும் வேலையை இறுதியாண்டு மாணவர்களிடமே விட்டோம். தாங்கள் பேசிய நிகழ்ச்சிகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். முதல் ஆண்டு அப்படித்தான் நடந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பட்டியல் மாறியது. தங்கள் குரலைக் கழித்து, பேட்டி கொடுத்தவர்களின் முழுப் பதிவுகளை வைத்தார்கள். அத்துடன் ஒரு நோட்டுப் புத்தகமும் கைமாறத் தொடங்கியது: பகுதியில் யார் எதைப் பற்றிப் பேசுவார், எந்த நேரத்தில் போகலாம், எந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்காது என்றெல்லாம் முந்தைய அணி எழுதி வைத்தது. அதன் முதல் பக்கத்தில் இஸ்திரி அம்மாவைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது: "காலை 11 மணிக்கு மேல் போகவும். முகூர்த்த நாட்களில் போக வேண்டாம்."