ஆப்போ தீவு: ஆமைகளும் ரசீதுகளும்

பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவுக்குப் போகும் வழியில் மாட்டிய ட்ரைசிக்கிள்காரரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் (ட்ரைசிக்கிள் என்றால் பக்கத்தில் இருக்கை பூட்டிய மோட்டார் சைக்கிள்). டுமகெட்டே நகரத் துறைமுகத்திலிருந்து தெற்கே போகும் பஸ் நிற்கிற இடம் வரை விட 300 பேசோ கேட்டார். சற்று முன்புதான் உள்ளூர் அம்மா ஒருவர் அதே வண்டியிலிருந்து சில்லறைக் காசைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். பேசிப் பேசிப் பாதியாக்கினேன். அதுவே கொள்ளைதான். பஸ்ஸிலோ முழங்காலை நீட்ட வழியில்லை, காலடியில் யாரோ கட்டிப் போட்ட சேவல் வேறு.

ஒரு பக்கம் தாலினிஸ் எரிமலை, மறுபக்கம் கடல், இடையில் ஒடுங்கிய சமவெளியில் டாவின் முனிசிபாலிட்டி. எரிமலைக் கரை என்பதால் மணல் கறுப்பு; வெள்ளை மணலில் போட்டோ எடுக்க நினைப்பவர்கள் வேறு ஊர் பார்க்கலாம். டாவினில் 23 பராங்காய்கள், அதாவது அடிமட்ட நிர்வாக வட்டாரங்கள். அதில் ஒன்று கடலுக்குள் கிடக்கிறது: ஆப்போ தீவு. தீவுக்கென்று தேர்தலில் ஜெயித்த தலைவரும் (கேப்டன் என்பார்கள்) உறுப்பினர்களும் உண்டு. ஆனால் வழக்கமான படகுத்துறை டாவினில் இல்லை. டாவினைத் தாண்டி, அடுத்த முனிசிபாலிட்டியான சம்போவாங்கிட்டாவின் மலதபாயில் போய்த்தான் ஏற வேண்டும்!

படகுக்கு ஆள் கணக்கு கிடையாது, முழுப் படகுக்கும் சேர்த்துத்தான் வாடகை. தனியாகப் போகிறவன் பர்ஸ் காலி. பங்கு போட ஆள் சேரும்வரை வெயிலில் காய்ந்தேன். தீவில் இறங்கியதும் நுழைவுக் கட்டணம், நீரில் இறங்கத் தனிக் கட்டணம், ஆமை காட்ட வழிகாட்டிக்குத் தனியாக. எரிச்சலாகத்தான் இருந்தது.

நீருக்குள் முகத்தை வைத்ததும் எரிச்சல் போய்விட்டது. கரையை ஒட்டி, இடுப்பளவு ஆழத்திலேயே, பச்சை ஆமைகள் மாடு மாதிரி நிதானமாகப் புல் மேய்கின்றன. நம்மைச் சட்டை செய்வதே இல்லை.

இதெல்லாம் சும்மா வந்ததல்ல. வெடிவைத்து மீன்பிடித்துக் கடல் நாசமாகிக்கொண்டிருந்த காலத்தில், டுமகெட்டேயின் சிலிமன் பல்கலைக்கழக உயிரியலாளர் ஏஞ்செல் அல்கலா தீவு மீனவர்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். 1982-இல் அவர்களே தீவின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பதை நிறுத்திச் சரணாலயமாக்கினார்கள். 1991 உள்ளாட்சிச் சட்டம் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையான கடலை முனிசிபாலிட்டிகளின் கையில் கொடுத்தது. 1994-இல் மத்திய அரசு தீவைத் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அதிலிருந்து பல வருடங்கள் கட்டணப் பணம் தலைநகர் மணிலாவைச் சுற்றி வந்ததில் தீவுக்காரர்களுக்கு மனத்தாங்கல். நியாயம்தானே? கடலைக் காப்பது அவர்கள், கணக்குப் பார்ப்பது வேறு யாரோ. 2011, 2012 டிசம்பர் புயல்களில் சரணாலயத்துப் பவளம் நொறுங்கியபோது நஷ்டமும் அவர்களுக்குத்தான். கட்டணம் நேராகத் தீவின் கைக்கே போவதென்றால் இன்னும் கொஞ்சம் கூடக் கொடுப்பேன்.

எவ்வளவு செலவாகும், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்றெல்லாம் வரிசையாக எழுத உட்கார்ந்தேன், மலதபாய்ச் சந்தை குறுக்கே வந்துவிட்டது. புதன்கிழமை மட்டும் கூடும் சந்தை. ஒரு பக்கம் மாடும் ஆடும் பேரம், இன்னொரு பக்கம் முழுப் பன்றியைச் சுட்ட லெச்சோன். கிலோ கணக்கில் வெட்டித் தருகிறார்கள். தோல் அப்பளமாக நொறுங்குகிறது. கூடவே தென்னங்குருத்தில் பின்னிய கூட்டுக்குள் வெந்த பூசோ சோறு. தொட்டுக்கொள்ள மிளகாய் போட்ட வினிகர். கையால்தான் சாப்பிட வேண்டும், அதில் நமக்கு என்ன கஷ்டம்? படகுக்குக் கொடுத்ததில் ஒரு துளிதான் இதற்கு ஆனது.

சரி, போகிறவர்களுக்கு: பணத்தை டுமகெட்டேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரைசிக்கிளில் ஏறும் முன்பே விலை பேசுங்கள். நாள் மட்டும் புதன்கிழமையாக இருக்கட்டும்.