காலியான நாற்காலி

"அந்தப் பையன் ஏன் கீழ உக்காந்திருக்கான்? நாற்காலிதான் காலியா இருக்கே?"

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டது.

ஓடிக்கொண்டிருந்தது 'ஐ ஃபீல் யூ லிங்கர் இன் த ஏர்', 2023ல் வந்த தாய்லாந்துத் தொடர். ஜோம் என்கிற ஆர்க்கிடெக்ட் காரோடு பிங் ஆற்றில் விழுகிறான், கண் திறந்தால் 1920களின் சியாங் மாய். பெரிய வீடு ஒன்றில் வேலைக்காரனாகிறான், அந்த வீட்டுப் பையன் குன் யாய்மேல் காதல்.

"வேலைக்காரன்மா, முதலாளிக்குச் சமமா உட்காரக் கூடாது" என்றேன்.

ரெண்டு பேரும் ஆம்பளைங்களாச்சே என்று கேட்பாள், என்ன பதில் சொல்வது என்று நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்கு உறுத்தியதோ அந்த நாற்காலி!

இத்தனை நாள் சுதந்திரமான காலத்திலிருந்து ஜோம் ஒரு சிறைக்குள் போய் விழுந்ததாகத்தான் நினைத்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, 2023ல் அவன் அங்கேயே இருந்திருந்தாலும் சட்டப்படி ஒரு ஆணைக் கல்யாணம் செய்திருக்க முடியாது. தாய்லாந்தில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2025 ஜனவரி 23ல்தான். அவன் கிளம்பி வந்த காலத்திலும் நாற்காலி காலியாகத்தான் இருந்திருக்கிறது, உட்காரத்தான் விடவில்லை.

குன் யாயின் அக்காவுக்கும் ஒரு வேலைக்காரப் பெண்மேல்தான் மனசு. ஆனால் கட்டிவைப்பது ஒரு வெள்ளைக்காரனுக்கு. அந்த இடத்தில் அம்மா மடிப்பதை நிறுத்திவிட்டாள். பாதி மடித்த என் சட்டை அவள் மடியிலேயே கிடந்தது.

"சரி, அடுத்ததைப் போடு" என்றாள்.

மணி பதினொன்றே கால்.