பெருங்குடல் புற்றுநோயும் கொழுப்பு வளர்சிதை மாற்றமும்: தேர்வுக்கு நான் படித்த விதம்

முதுகலை உயிர்வேதியியல் படிக்கும் பலர் இந்தப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். என்சைம் பெயர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தாலே மலைப்புதான். எனக்குக் கைகொடுத்தது ஒரே கேள்வி: இந்தக் கொழுப்பை வைத்துக்கொண்டு செல் என்ன செய்கிறது? சவ்வு கட்டுகிறதா, எரிக்கிறதா, சமிக்ஞை அனுப்புகிறதா? படிக்கும் ஒவ்வொரு மூலக்கூறிடமும் இதைக் கேளுங்கள்.

கட்டுமானத்தில் ஆரம்பிக்கலாம். வேகமாகப் பெருகும் செல்லுக்குப் புதிய சவ்வு வேண்டும். இயல்பான செல்கள் பெரும்பாலும் இரத்தத்தில் வரும் கொழுப்பையே எடுத்துக்கொள்கின்றன. புற்றுநோய் செல்களோ தாங்களே நிறையத் தயாரிக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியே வரும் சிட்ரேட்டை ஏசிஎல்ஒய் (ACLY) என்ற என்சைம் உடைத்து அசிட்டைல் கோஏ தருகிறது. ஏசிசி (ACC) என்ற என்சைம் அதை மலோனைல் கோஏ ஆக்குகிறது. கடைசியில் எஃப்ஏஎஸ்என் (FASN) என்ற என்சைம் 16 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலமான பால்மிடேட்டைக் கட்டி முடிக்கிறது. ஒரு பால்மிடேட்டுக்கு 1 அசிட்டைல் கோஏ, 7 மலோனைல் கோஏ, எலக்ட்ரான் தரும் துணை மூலக்கூறான என்ஏடிபிஎச் (NADPH) 14 செலவாகும். இந்த 14 எங்கிருந்து வருகிறது என்று யோசித்தாலே, குளுக்கோஸிலிருந்து என்ஏடிபிஎச் தரும் பென்டோஸ் பாஸ்பேட் பாதை விடைக்குள் வந்துவிடும். இந்த என்சைம்களின் மரபணுக்களை முடுக்கிவிடுவது எஸ்ஆர்இபிபி1 (SREBP1) என்ற புரதம். அதற்கு மேலே வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்தும் பிஐ3கே, ஏகேடி, எம்டிஓஆர் (PI3K, AKT, mTOR) பாதை இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

எரிபொருள் பகுதியில் வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்வி ஒன்று காத்திருக்கும். கொழுப்பு அமிலத்தை எரிக்க மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பும் சிபிடி1 (CPT1) என்சைமை மலோனைல் கோஏ தடுக்குமே, அப்புறம் எப்படிப் புற்றுநோய் செல் கொழுப்பைத் தயாரிக்கவும் எரிக்கவும் செய்கிறது? கட்டியில் உள்ள எல்லாச் செல்களும் ஒரே நிலையில் இல்லை என்பதில் தொடங்குங்கள். கொழுப்பு செல்களை ஒட்டி வளரும் புற்றுநோய் செல்கள் அங்கிருந்து கொழுப்பு அமிலத்தை உள்ளிழுத்து எரிக்கக்கூடியவை.

சமிக்ஞைப் பகுதிதான் பெருங்குடலுக்கே உரியது. அதிக நேரம் இதற்குக் கொடுங்கள். சவ்விலிருந்து விடுபடும் அராகிடோனிக் அமிலம் காக்ஸ்-2 (COX-2) என்சைம் வழியாகப் பிஜிஇ2 (PGE2, புரோஸ்டாகிளாண்டின் இ2) என்ற சமிக்ஞை மூலக்கூறு ஆகிறது. அது செல்லின் மேற்பரப்பிலுள்ள இபி (EP) ஏற்பிகளில் அமர்ந்து, செல் பெருக்கத்தைத் தூண்டும் புரதமான பீட்டா-கேட்டெனினுக்கு வலுச் சேர்க்கிறது. பீட்டா-கேட்டெனினைக் கட்டுக்குள் வைக்கும் ஏபிசி (APC) மரபணு பழுதான செல்லில் பீட்டா-கேட்டெனின் ஏற்கெனவே கட்டுப்பாடின்றிக் கிடக்கிறது. இந்த இணைப்பை எழுதாத விடை எந்தப் புற்றுநோய்க்கும் பொருந்தும் பொதுவிடையாகிவிடும். இதோடு, பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பரம்பரைக் குறைபாடான லிஞ்ச் நோய்க்குறி உள்ளவர்களிடம், காக்ஸ் என்சைம்களைத் தடுக்கும் ஆஸ்பிரினைத் தினமும் 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த காப்-2 (CAPP2) ஆய்வைச் சேர்க்கலாம். நீண்டகாலக் கண்காணிப்பில் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் குறைந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது பியூட்டிரேட். நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது உருவாகும் நான்கு கார்பன் கொழுப்பு அமிலம் இது. இயல்பான பெருங்குடல் செல்லுக்கு இதுவே முதன்மை எரிபொருள். புற்றுநோய் செல் வார்பர்க் விளைவால் (ஆக்சிஜன் இருந்தும் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றும் பழக்கம்) குளுக்கோஸ் பக்கம் சாய்ந்துவிடுவதால், எரியாத பியூட்டிரேட் உட்கருவில் சேர்ந்து, மரபணுச் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் ஹிஸ்டோன் டீஅசிட்டைலேஸ் என்சைமைத் தடுக்கிறது. செல்லின் பெருக்கம் குறைகிறது. அதே மூலக்கூறு ஒரு செல்லுக்கு உணவு, இன்னொன்றுக்குக் கடிவாளம்! "பியூட்டிரேட் முரண்" என்ற பெயரில் இது நேரடிக் கேள்வியாகவே வரலாம்.

விடை எழுதும்போது சான்று எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள்: செல் வளர்ப்பா, எலியா, மனிதரா? எடைக் குறைப்பு மருந்தான ஆர்லிஸ்டாட் ஆய்வகச் செல்களில் எஃப்ஏஎஸ்என்-ஐத் தடுக்கிறது. அதனால் அது புற்றுநோய் மருந்து என்று எழுதிவிட முடியாது. வாய்வழி எடுத்தால் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். சரி, நேரம் குறைவாக இருந்தால் பியூட்டிரேட்டையும் பிஜிஇ2-வையும் முதலில் முடித்துவிட்டு, சிட்ரேட்டிலிருந்து பால்மிடேட் வரையிலான படத்தைப் புத்தகம் பார்க்காமல் வரைந்து பழகுங்கள்.