ஷீட் ரோலில் இருந்தது, டிஸ்சார்ஜ் புக்கில் இல்லை

அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில், அதாவது ராணுவத்திலிருந்து வெளிவரும்போது கொடுக்கும் சேவைக் குறிப்புப் புத்தகத்தில், இரண்டே இரண்டு வரி சேர்க்க எங்களுக்கு இரண்டு வருஷமும் நாலு மாதமும் பிடித்தது. அதில் ஒரு வருஷத்துக்கு மேல் முழுக்க முழுக்க என் தப்பு. கேட்கவேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு வீட்டில் அது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருக்கிறது, மறைப்பானேன்.

அப்பா 1968-ல் ராணுவத்தில் சேர்ந்தார், டிரைவர். 1986-ல் ஹவில்தாராக வெளியே வந்தார். 1971 டிசம்பரில், பாகிஸ்தான் போரின் மேற்கு முனையில், ஷகர்கர் பக்கம் குண்டு ஏற்றிய லாரி ஓட்டினார். 17-ஆம் தேதி ராத்திரி போர் நிறுத்தம் என்று சொன்னபோது லாரிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாராம். யாரும் எழுப்பவில்லை என்று இன்றைக்கும் குறைபட்டுக்கொள்வார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமான கதை.

2021-ல் போரின் ஐம்பதாவது ஆண்டு வந்தது. ஸ்வர்ணிம் விஜய் வர்ஷ் என்று நாடு முழுக்கக் கொண்டாடினார்கள். எங்கள் ஊர்ப் பக்கமும் ஒரு விழா. எழுபத்தொன்றில் போருக்குப் போனவர்களை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். அப்பா மூன்றாவது வரிசையில் இரண்டு மெடலோடு உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைக் கூப்பிடவில்லை. போய்க் கேட்டதற்கு, ஒருவர் ஜெராக்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க புக்ல எழுபத்தொன்னு இல்லையே ஐயா" என்றார். வீட்டுக்கு வந்து அப்பா எதுவும் பேசவில்லை. ராத்திரி பத்து மணிக்கு பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் பக்கத்தில் இரண்டுதான் இருந்தன: சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டு மெடல், ஒன்பது ஆண்டு நீண்ட சேவை மெடல். மேற்கு முனையில் போரில் இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார், கிழக்கு என்றால் பூர்வி ஸ்டார். அதோடு சங்க்ராம் மெடல். இவை எதுவுமே இல்லை. 25-ஆம் ஆண்டு மெடல் 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. 1968-ல் சேர்ந்து 1972-ல் பணியில் இருந்த ஆள் நடுவில் 1971 டிசம்பரில் எங்கே போயிருப்பார்? எனக்கு அது போதும் என்று தோன்றியது. ஆபீஸ்களுக்குப் போதவில்லை.

முதலில் சோல்ஜர் போர்டு, அதாவது முன்னாள் ராணுவத்தினர் நலனைப் பார்க்கும் ஆபீஸ். அங்கே மேசையில் இருந்தவர் என் மனுவை வாங்கவே இல்லை. "இதுக்குப் பணம் ஏதாவது வருமா?" என்று கேட்டார். இந்த மாதிரி போர்க்கள மெடலுக்குப் பணம் கிடையாது, வீரதீர விருதுகளுக்குத்தான் உண்டு. வராது என்றேன். "அப்ப எதுக்கும்மா அலையறீங்க? அதுவும் டிரைவருக்கு." அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் என்னை இரண்டு வருஷம் ஓட வைத்தது. ஒரு விதத்தில் அவருக்கு நான் நன்றி சொல்லவேண்டும். சொல்லமாட்டேன்.

அப்புறம், சிப்பாய்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் பதிவுத் தபால். இது எந்த ஊரில் என்பது படைப்பிரிவைப் பொறுத்தது: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் பெங்களூரு, ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, இ.எம்.இ. செகந்திராபாத், சிக்னல்ஸ் ஜபல்பூர். அப்பாவினுடையது எது என்று இங்கே சொல்லப்போவதில்லை. நான் எழுதியது இரண்டு பக்கம். லாரி, ஷகர்கர், விழா, சால்வை எல்லாம் அதில் இருந்தது. ஐந்து மாதம் கழித்து நாலு வரியில் இந்தியில் பதில் வந்தது. தெருமுனை சுபேதார் மாமா படித்துச் சொன்னார்: "மெடல் கொடுத்த பார்ட் டூ ஆர்டர் நம்பரும் தேதியும் அனுப்பச் சொல்றான்."

ராணுவத்தில் ஒருவருக்குக் கல்யாணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும், மெடல் கிடைத்தாலும் அது பார்ட் டூ ஆர்டர் என்று வெளியாகி, அவருடைய ஷீட் ரோலில் ஏறவேண்டும். ஷீட் ரோல்தான் ஒரு சிப்பாயின் ஜாதகம். அது இருப்பது ரெக்கார்ட் ஆபீஸில். அதாவது, அவர்களிடம் இருக்கும் நம்பரை எங்களிடம் கேட்கிறார்கள். சுபேதார் மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரில் போனால் ஆகிவிடும் என்று நினைத்தேன். அப்பாவுக்கு மூட்டுவலி, அதனால் நான் மட்டும் ரயில் ஏறினேன். ஒரு ராத்திரியும் அரைப் பகலும் பயணம். கேட்டில் இருந்த ஜவான் மரியாதையாகத்தான் பேசினார்: "எக்ஸ்-சர்வீஸ்மேன் எங்கே?" மகள் என்றேன். என் ஆதாரில் கணவர் பெயர்தான் இருக்கிறது, அப்பா பெயரே இல்லை. அப்பா கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதமும் இல்லை. ஒருவழியாக உள்ளே விட்டார்கள். கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவர் வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி முடித்துவிட்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கே திரும்பும் ரயிலில் இடம் இல்லாமல் ஸ்டேஷனில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது ஆர்.டி.ஐ., தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய் கட்டி என் பெயரில் போட்டேன். முப்பது நாளுக்குள் பதில் வந்தது, அந்த வரைக்கும் சந்தோஷம். ஆனால் பதில் இது மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(j)-படி தர இயலாது என்பது. என் அப்பா எனக்கு மூன்றாம் நபர்! அவரிடம் படித்துக் காட்டினேன். "நான் யாரும்மா உனக்கு?" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே போனார்.

சுபேதார் மாமாதான் வழி சொன்னார். "பாப்பா, நீ மெடல் கேட்கிறே. மெடல் கேட்டா அவன் யோசிப்பான். பேப்பர் கேளு. அப்பா பேர்லயே கேளு. வேற எதுவும் எழுதாதே." இந்த ஒரு அறிவுரைக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறார். நான்தான் சரியாகக் கேட்கவில்லை.

இரண்டாவது ஆர்.டி.ஐ. அப்பா பெயரில், அப்பா கைபேசி எண்ணில். கேட்டது ஒன்றே ஒன்று: என் ஷீட் ரோலின் எல்லாப் பக்கங்களின் நகல், பின்பக்கங்கள் உட்பட. நம்பர், ராங்க், பெயர், யூனிட், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி மட்டும். போர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம்பரில்தான் ஒரு சிக்கல். டிஸ்சார்ஜ் புக்கில் மை ஊறிப்போய் நடுவில் உள்ள இலக்கம் 1-ஆ 7-ஆ என்றே தெரியவில்லை. என் பழைய கடிதத்தில் 7 என்று எழுதியிருந்தேன். இந்த முறை பென்ஷன் ஆர்டரை எடுத்துப் பார்த்தால் 1. முதல் கடிதத்துக்கு ஐந்து மாதம் ஆனதற்கு இதுவும் காரணமோ என்னவோ. பென்ஷன் ஆர்டரோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பதினாலு பக்கம் இருக்கிறது, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 28 ரூபாய் கட்டுங்கள் என்று வந்தது. கட்டினோம். கவர் வந்த அன்று அப்பா பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். பதினோராவது பக்கத்தில் நின்றார். கட்டத்துக்குள் இல்லை, வலது ஓரத்தில், பக்கத்தைத் திருப்பிப் பிடித்தால்தான் படிக்கமுடிகிற மாதிரி, குறுக்காக எழுதியிருந்தது: பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், பக்கத்தில் பார்ட் டூ ஆர்டர் நம்பர், 1974. ஒரு சின்னக் கையெழுத்து.

அதாவது மெடல் 1974-லேயே கொடுத்தாகிவிட்டது, காகிதத்தில். அவருக்குச் சொன்னவர்தான் யாரும் இல்லை.

இனி அப்பாவைக் கூட்டிப் போகாமல் முடியாது. கீழ் பெர்த், முழங்காலுக்குப் பட்டை, தைலம். கேட்டை நெருங்கியதும் மனிதர் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டார். காவலுக்கு நின்ற பையன் "ராம் ராம் சாப்" என்றதும் அப்பாவின் இந்தி முப்பத்தைந்து வருஷத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தது. எனக்குத் தெரிந்து வீட்டில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

அதே கவுண்டர், வேறு ஆள். ஜெராக்ஸைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு ஜே.சி.ஓ.-வை (சுபேதார் மாதிரி ஒரு இளநிலை அதிகாரியை) கூட்டிவந்தார். நாடா கட்டிய ஃபைல் வந்தது. அந்த ஜே.சி.ஓ.-வின் ஊகம் இதுதான்: 1972 தொடக்கத்தில் அப்பா வேறு யூனிட்டுக்கு மாற்றலாகிவிட்டார். ஆர்டர் பழைய யூனிட்டிலிருந்து தாமதமாக வந்திருக்கிறது. இடமில்லாமல் ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். 1986-ல் டிஸ்சார்ஜ் புக் தயாரித்தவர் கட்டத்தை மட்டும் பார்த்து எழுதிவிட்டார். முக்கால் மணி நேரத்தில் இரண்டு வரி ஏறி, சுருக்கொப்பமும் வட்ட முத்திரையும் விழுந்தன. டீயும் கொடுத்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். அசல் டிஸ்சார்ஜ் புக்கைத் தபாலில் அனுப்பவே அனுப்பாதீர்கள், கையில் எடுத்துப் போங்கள். போவதற்கு முன் காலிப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அப்பா இல்லை, அம்மா குடும்பப் பென்ஷன் வாங்குகிறார் என்றால் எல்லாம் அம்மா பெயரில் போகட்டும், உங்கள் பெயர் எங்கும் வரவேண்டாம். பென்ஷன் இல்லாமல் வெளிவந்தவர்கள் என்றால் அவசரப்படுங்கள்: அவர்களுடைய ஆவணங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடுகிறார்கள், லாங் ரோல் என்ற சுருக்கப் பதிவேட்டில் உள்ளது மட்டும்தான் மிஞ்சும். அதில் ஓரத்துக் குறிப்பெல்லாம் இருக்கும் என்று நம்பவேண்டாம்.

இன்னொன்று. புக்கில் ஏறுவது வேறு, மெடல் கைக்கு வருவது வேறு. ஷீட் ரோலில் மெடல் கையில் கொடுக்கப்பட்டதற்கான குறிப்பு இல்லாததால் அதற்குத் தனி மனு. அன்றைக்கே அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது என் ஒரே சாமர்த்தியம். ஸ்டார் இன்னும் வரவில்லை. சங்க்ராம் மெடல் மட்டும் எட்டு மாதம் கழித்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் வந்தது.

இந்த மெடலின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். அப்பா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பெயரில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. திருத்தச் சொல்லி எழுதட்டுமா என்றேன்.

"ஐயோ வேண்டாம்மா," என்றார். "ஷீட் ரோல்லயும் அப்படித்தான் இருக்கு."