தாடை வலிக்கு ஊசி போடும் முன்

தாடை மூட்டு வலியோடு நேராகப் பல் மருத்துவரிடம் வருகிறவர்கள் குறைவு. காது வலி என்று நினைத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்திருப்பார்கள். தலைவலி என்று ஸ்கேன் எடுத்திருப்பார்கள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகும் வலி நிற்காமல் வருகிறவர்களும் உண்டு. மூட்டு காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் இருப்பதால் வலி காதில் என்றே யாருக்கும் தோன்றும். என்னிடம் வந்து சேரும்போது பலரும் அலைந்து களைத்திருப்பார்கள். எடுத்த எடுப்பில், "டாக்டர், போடாக்ஸ் ஊசி போட்டால் சரியாகிவிடுமாமே?" என்று கேட்பார்கள்.

ஊசியைப் பற்றிப் பேசும் முன் விரல்களால் தேடியாக வேண்டும். சென்ற ஆண்டு வந்த பள்ளி ஆசிரியை ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். காலையில் எழும்போதே தாடை இறுகியிருக்கும், இட்லியைப் பிட்டு வாயில் வைக்கவும் சிரமம் என்றார். பற்களை இறுகக் கடிக்கச் சொல்லி இரு கன்னங்களிலும் விரல் வைத்தேன். மெல்லும் தசை கொட்டைப் பாக்குபோலத் திரண்டு நின்றது. அதன் நடுவில் லேசாக அழுத்தியதுமே, "அதேதான், அந்த வலிதான் காதுக்குள் போகிறது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நாக்கின் ஓரத்தில் பல் தடங்கள், கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்கோடு, தேய்ந்து தட்டையான கடைவாய்ப் பற்கள். இரவெல்லாம் பல்லைக் கடிக்கிறார் என்பது தெரிந்துவிட்டது. அவர் கணவரும் நறநறவென்ற சத்தத்தை ஒப்புக்கொண்டார்.

அப்போதும் ஊசி முதல் வழி அல்ல. மிருதுவான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, சில நாட்களுக்கு வலி மாத்திரை, இரவில் பற்களுக்கிடையே அணியும் அக்ரிலிக் தட்டு. பெரும்பாலானவர்களுக்கு இவையே போதும். ஆசிரியைக்குப் போதவில்லை. அதன் பிறகுதான் ஊசியைப் பற்றிப் பேசினோம்.

போடாக்ஸ் ஒரு நச்சு என்பதை நான் மறைப்பதில்லை. கெட்டுப்போன இறைச்சிக் குழல்களை (சாசேஜ்) தின்று மக்கள் இறந்ததை 1820களில் ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர், இந்த நஞ்சு ஒருநாள் மருந்தாகலாம் என்று அப்போதே எழுதினார். சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் அதை மாறுகண்ணுக்குப் பயன்படுத்திக் காட்ட, 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதைச் சொன்னபோது உடன் வந்திருந்த மாமியார், "சேராங்கொட்டையைச் சுத்தி செய்து மருந்தாக்குவதில்லையா, அதுபோலத்தானே?" என்றார். அளவறிந்து கொடுத்தால் மருந்து என்பதை அவர் என்னைவிடச் சுருக்கமாக மருமகளுக்கு விளக்கிவிட்டார்.

நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செல்லும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை இந்த மருந்து தடுக்கிறது. ஆணை வராத தசை தளர்கிறது. வாயோரத்திலிருந்து காது வரை மனதுக்குள் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே, தசையின் முன் விளிம்பிலிருந்து விலகி, ஊசி போடும் இடங்களைக் குறித்துக்கொள்கிறேன். மருந்து முன்னால் பரவினால் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணும் என்பதால் அவசரமே கூடாத இடம் இது. கர்ப்பிணிகளுக்கும், மயஸ்தீனியா போன்ற தசை பலவீன நோய் உள்ளவர்களுக்கும் போடுவதில்லை.

அன்றே வலி பறந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். தளர்ச்சி தெரியச் சில நாட்கள் ஆகும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். பிறகு மூன்று, நான்கு மாதங்களில் நரம்பு மீண்டும் தசையோடு பேசத் தொடங்கிவிடும். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு நழுவியிருந்தாலோ, மூட்டு வாதம் இருந்தாலோ இந்த ஊசி அதைச் சீராக்காது. தாடை வலிக்கென்று அமெரிக்க மருந்து நிர்வாகம் இதை அங்கீகரிக்கவில்லை. ஆய்வு முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. விலங்குகளில் செய்த ஆய்வுகளில் தாடை எலும்பின் அடர்த்தி குறைந்ததும் தெரிகிறது. இத்தனையும் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகம் மெலிய வேண்டும் என்பதற்காக இதே தசையில் திரும்பத் திரும்ப ஊசி போட்டுக்கொள்ளும் இளம்பெண்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஊசி போட்ட பின் ஆசிரியைக்கு முதல் சில வாரங்கள் முறுக்கு மெல்ல அலுப்பாக இருந்தது. வலி நன்றாகக் குறைந்தது. அந்த இடைவெளியில்தான் உண்மையான வேலையைச் செய்தோம். உதடுகள் மூடியிருக்க, பற்கள் ஒன்றையொன்று தொடாமல், நாக்கு மேலண்ணத்தில் தங்கும் நிலையைப் பழக்கினோம். விடைத்தாள் திருத்தும் மேசையில் 'பல்லைத் தளர்த்து' என்று ஒரு சீட்டை ஒட்டிக்கொண்டார். பொதுத்தேர்வு சமயத்தில் வலி கொஞ்சம் திரும்பியது. அடுத்த ஊசி கேட்டார். இரவுத் தட்டை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். சில வாரங்களாக அதை அணியவே இல்லை. மீண்டும் அணியச் சொல்லி, ஒத்தடமும் பயிற்சியும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் வந்தபோது அவர் ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை. தட்டின் விளிம்பு ஈறில் உரசுகிறது, தேய்த்துத் தர முடியுமா என்றுதான் கேட்டார்.