ஒரே இடத்தில் திரும்பி வந்த நிமோனியா

எனக்கு வலது நுரையீரலின் கீழ்மடலில் நிமோனியா வரும், மருந்துக்குக் கேட்கும், சில மாதம் கழித்து மறுபடி வரும். நடுவில் வீசிங் வேறு. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். புகைப்பழக்கம் இல்லாததால் கட்டியாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. (எனக்கு இருந்தது கார்சினாய்டு, மெதுவாக வளரும் ஒருவகை நுரையீரல் புற்றுக்கட்டி. அதற்கும் புகைக்கும் பெரிய தொடர்பில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

புதிதாகப் பார்த்த நுரையீரல் மருத்துவர் பழைய எக்ஸ்ரேக்களையெல்லாம் கொண்டுவரச் சொல்லி, வரிசையாக மாட்டிப் பார்த்தார். வெள்ளைத் திட்டு ஒவ்வொன்றிலும் அதே மடலில். "தொற்று இப்படி இடம் பார்த்து வராதுங்க. மூச்சுக்குழாயை ஏதோ அடைக்குது" என்றார். இதய ஓரத்தில் சின்ன உருண்டை நிழல் ஒன்றையும் காட்டினார். பழைய படத்திலும் இருந்தது. அளவு அவ்வளவாக மாறவில்லை. இதயத்தின் நிழலோடு கலந்துவிட்டால் எக்ஸ்ரேயில் இது கண்ணில் படாமலே போகுமாம்.

அப்புறம் கான்ட்ராஸ்ட் ஊசியுடன் சிடி ஸ்கேன். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவும். சொல்லி வைத்திருந்ததால் பயமில்லை. ஸ்கேனில் தெரிந்தது ஓரம் வழவழப்பான உருண்டை. மூச்சுக்குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது கொஞ்சம்தான், மீதி பனிப்பாறை போலக் குழாய்க்கு வெளியே. உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள். ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் கான்ட்ராஸ்ட் ஏறியதும் பளிச்சென்று தெரிந்தது. 'கார்சினாய்டாக இருக்கலாம்' என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

குழப்பம் வந்தது பெட் ஸ்கேனில். கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, எந்த இடம் அதை அதிகம் இழுக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன் அது. கட்டி மங்கலாகத்தான் தெரிந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மெதுவாக வளரும் கட்டி சர்க்கரையைக் குறைவாகவே இழுக்கும், மங்கல் என்பதால் விட்டுவிட முடியாது என்று மருத்துவர் விளக்கினார். கேலியம் டோட்டாடேட் என்ற வேறொரு மருந்து கொடுத்து எடுத்த பெட் ஸ்கேனில் அதே கட்டி நன்றாக ஒளிர்ந்தது.

மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாயை விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபியில் சிவந்த, வழுக்கலான ஒரு மொட்டு. ரத்தம் கசியும் வகை என்பதால் முன்னேற்பாட்டோடுதான் துணுக்கு எடுத்தார்கள். பயாப்ஸியும் கார்சினாய்டு என்றே வந்தது.

அடைப்புக்கு அப்பால் நுரையீரல் கெடாமல் இருந்தால் குழாயை மட்டும் வெட்டி ஒட்டலாம். எனக்கு அடிக்கடி தொற்று வந்ததில் கீழ்மடல் பாழாகியிருந்தது. அதையும் பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். முழுக் கட்டியையும் சோதித்தபோது மெதுவாக வளரும் வகைதான் என்பது உறுதியானது. ஆண்டுகள் கழித்தும் திரும்ப வரக்கூடும் என்பதால் சிடி ஸ்கேன் தொடர்கிறது.